நானூறு எறும்புகள்

நிலவின் தென்முனை, முகட்டு நிலையம்
பணிப்பதிவு: முத்துப்பேச்சி, வலையமைப்புப் பொறியாளர்

2074 ஆகஸ்ட் 2, காலை 7.30

சூரியத் தகடுகள் மூன்றும் முழுத் திறனில். பூமித் தொடர்பு தெளிவு. கீழ்த்தளத் தொடர்பு தெளிவு. ஆன்டெனாவின் அச்சில் தூசு ஏறியிருந்தது. வெளியே போய்த் துடைத்துவிட்டு வந்தேன். உடல்நிலை நலம்.

வழக்கமாக இத்தோடு பதிவு முடியும். இன்று கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். இன்னும் சில நாட்களில் இந்த நிலையத்தை மூடுகிறார்கள். பதிவுப் பெட்டியை எடுத்து வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. அது இங்கேயே கிடக்கும். பிறகு எப்போதோ இந்த முகட்டில் ஏறி வந்து அதைத் திறக்கப் போகிறவருக்கு, இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிய வேண்டாமா?

முகட்டில் நான் ஒருத்திதான். கீழே, வெயிலே படாத பள்ளத்தின் ஓரத்தில் கீழ்த்தளம். அங்கே ஆறு பேர் பனிக்கட்டியை வெட்டித் தண்ணீராக்குகிறார்கள். இங்கிருந்து ரோவரில் மூன்று மணி நேரம். கீழ்த்தளத்தில் சுவர், கதவு, குழாய், படுக்கை என்று எல்லாவற்றிலும் சென்சார். எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு சென்சாரும் தான் கண்டதை இங்கே அனுப்பும். இங்கிருக்கும் 'காவல்' என்ற கணினி யோசித்து, எந்த வால்வைத் திறப்பது, எந்தக் கதவை மூடுவது என்று திருப்பிச் சொல்லும்.

காவலைக் கட்டியது நான். சரியாகச் சொன்னால், நானும் ஜெபராணியும். இப்போது அதன் இடத்துக்கு 'எறும்பு' வருகிறது. எறும்பைக் கட்டியது ஜெபராணி மட்டும், கீழ்த்தளத்தில் இருந்தபடி.

2074 ஆகஸ்ட் 3, பகல் 1.10

தகடுகள் சரி. தொடர்பு சரி. காவல் அனுப்பிய கட்டளைகளில் பிழை இல்லை. அதை யாரும் கேட்பதும் இல்லை.

எறும்பு எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைக்கிறேன். நியாயமாகவே எழுதுகிறேன்.

எறும்பில் தலைமை என்று ஒன்று கிடையாது. நகக்கண் அளவில் நானூறு சென்சார்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் புத்தி. பக்கத்தில் இருப்பதோடு பேசும், ஒத்துப்போகும், உடனே செய்யும். மேலே கேட்டுவிட்டு வருகிறேன் என்று காத்திருக்காது. ஆட்கள் நடக்கும் காலடி அதிர்விலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஒன்று தவறாகக் காட்டினால் சுற்றியிருப்பவை சேர்ந்து அதைத் திருத்தும். வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழைந்து குழப்ப முடியாது. மருத்துவர் ஷாகுல் படுக்கையில் புரண்டு படுக்கும் விதத்தை வைத்தே அவர் எழுந்திருக்கப் போவதைக் கண்டுகொண்டு காபிக்குத் தண்ணீர் சுட வைத்துவிடும். என் காவல் யாருக்கும் காபி போட்டதில்லை.

ஏப்ரலில் ஒரு விண்கல் துகள் கீழ்த்தளத்தின் குழாய்க் கூடத்தைத் துளைத்தது. அதே கல்மழையில் முகட்டுக்கு வரும் கம்பியும் அறுந்தது. காவலுக்கு எதுவுமே தெரியவில்லை. சோதனைக்காக ஒட்டி வைத்திருந்த எறும்புகள்தான், காற்று முழுதும் வெளியேறும் முன் நடுக்கதவை மூடின. கதவுக்கு இந்தப் பக்கம் ஷாகுல் உயிரோடு நின்றார். கம்பியை ஒட்டிய பிறகு வீடியோவில் பார்த்தேன். ஐந்து பேரும் சேர்ந்து ஜெபராணியைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். நிலவில் தூக்குவது சுலபம், ஆனாலும் தூக்கினார்கள். நான் இங்கிருந்து கேமரா முன் கை தட்டினேன். பிறகு கேமராவை அணைத்தேன். சாப்பிட்ட தட்டு இரண்டு நாள் கழுவாமல் கிடந்தது.

பாளையங்கோட்டை விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. அவள் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கிய நாட்களில், மழை வந்தால் என் துணியை மட்டும் கொடியிலிருந்து எடுத்து வருவேன். அவளுக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே நனைந்த துணியைப் பிழிவாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆகாது.

எறும்பைத் தொடங்கும்போது என்னைக் கூப்பிட்டாள். காவலே போதும் என்றேன். அது என் முடிவு. அதற்கு அவள்மேல் கோபப்பட முடியாது. கோபமும் இல்லை. இது வேறு.

2074 ஆகஸ்ட் 5, காலை 11.00

எறும்பில் ஒரு குறை கண்டுபிடித்தேன். சோதனைக்காக இப்போதே அதனிடம் விட்டிருக்கும் நான்காம் கதவு, ஆள் வந்து நின்றபின் இரண்டு நொடி தாமதமாகத் திறக்கிறது. ஒரு வாரக் காணொளியை உட்கார்ந்து பார்த்துக் கண்டது. பூமித் தலைமை நிலையத்துக்கு அறிக்கை அனுப்பினேன். இயக்குநர் தணிகாசலத்தின் பதில்:

"மேடம், ரெண்டு நொடியெல்லாம் ஒரு புகாரா? அவங்க யாருமே அதை கவனிக்கல. நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. பத்திரமா ஊர் வந்து சேருங்க, அதான் முக்கியம்."

அறிக்கை கீழ்த்தளத்துக்கும் போயிருக்கிறது. மதியம் ஜெபராணி பேசினாள்.

"எட்டி பேச்சி, அந்தக் கதவு சும்மா தாமதிக்கல. ஷாகுலு கையில சாமான் வச்சுக்கிட்டு வருவாரு, சாமானத்த எறக்கி வைக்கட்டும்னு நிக்கி. அதுவாக் கத்துக்கிட்டது. நல்லாருக்குல்லா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நல்லாயிருக்கு என்று சொன்னேன்.

2074 ஆகஸ்ட் 8, காலை 9.00

ஒப்படைப்பு முடிந்தது. காவலின் கட்டுப்பாட்டுக் கம்பியை என் கையாலேயே துண்டித்தேன். பார்வைக் கம்பி மட்டும், நிலையம் மூடும்வரை இருக்கும். கீழ்த்தளத்தைப் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. அடுத்த வீட்டு விசேஷத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல.

எறும்பை நிறுத்தும் சொல் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் நானூறும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். நின்றால் ஆக்சிஜன் வால்வுகள் தாமாகவே முழுதாகத் திறந்துகொள்ளும். காவல் காலத்தில் நாங்கள் இருவரும் வைத்த ஏற்பாடு அது, அதை மட்டும் ஜெபராணி மாற்றவில்லை. அந்தச் சொல் என் குரலுக்கும் பணிய வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

"வேண்டாம்ட்டி. ரெண்டு கொரலு வச்சா ஏமாத்துதவனுக்கு ரெண்டு வழி ஆயிரும். எங்கொரலு மட்டும் போதும். நீ தப்பா நெனைக்காத, என்னா?"

பாதுகாப்புக் கணக்கில் அவள் சொல்வது சரி. தப்பாகத்தான் நினைத்தேன்.

கீழ்த்தளத்தில் கேசரி கிளறினார்கள். படம் அனுப்பியிருந்தாள்.

2074 ஆகஸ்ட் 11, மாலை 4.20

தலைமை நிலையத்தின் பொது அறிவிப்பு: எறும்பு பொறுப்பேற்ற சில நாட்களிலேயே கீழ்த்தளத்தின் ஆக்சிஜன் செலவு கால்வாசி குறைந்திருக்கிறது. வீணாவதைத் தடுத்திருக்கிறது என்கிறார்கள். ஜெபராணிக்குப் பாராட்டு. அடுத்து செவ்வாய்த் தளத்துக்கும் எறும்புதான் என்று பேச்சு.

எட்டு ஆண்டுகளில் காவலால் இதில் சிறு பங்குகூட மிச்சம் பிடிக்க முடியவில்லை. எங்கே வீணாக்கினோம் என்று பழைய கணக்குகளைப் பார்த்தேன். புரியவில்லை.

இரண்டு நாளாக ரேடியோவைத் திறந்தால் சிரிப்புச் சத்தம். பனிக்கட்டி வெட்டும் வேலையை ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டு அறையில் கூடியிருக்கிறார்கள். ஷாகுல் பாடுகிறார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். ஜெபராணி நடுவில் உட்கார்ந்து தாளம் போடுகிறாள். ஒருவர் தட்டைக் கீழே போட்டார், அதற்கும் சிரிப்பு.

காவலைக் கட்டும்போது நான் அங்கே இருந்த ஆண்டுகளில் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை. என் காவலின் கீழ் அவர்கள் பத்திரமாக இருந்தார்கள். அவளுடைய எறும்பின் கீழ் சந்தோஷமாக இருக்கிறார்கள். அணைத்துவிட்டேன். பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் ரத்தம்.

2074 ஆகஸ்ட் 12, பகல் 12.40

சாப்பாட்டு அறைச் சுவரில் காவலின் பழைய ஆக்சிஜன் மானி ஒன்று இன்னும் இருக்கிறது. கழற்ற யாருக்கும் நேரம் இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, தனி வடிகட்டி வைத்த கனமான சாதனம். பார்வைக் கம்பி வழியாக இன்று அதைப் பார்த்தேன். காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன் இருக்க வேண்டும். மானி பதினேழு காட்டுகிறது.

எறும்பின் நானூறும் இருபத்தொன்று என்கின்றன. மானியைப் 'பழுது' என்று குறித்து ஒதுக்கி வைத்திருக்கின்றன.

முதலில் மானிக்கு வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். எனக்கும்தான் ஆகிவிட்டது. பிறகு, கால்வாசி மிச்சம் நினைவுக்கு வந்தது. ஆறு பேரின் நுரையீரலும் நாலே நாளில் சுருங்கிவிட்டதா? மூச்சு விடுவதில் என்ன வீண்?

எறும்புகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே அச்சில் செய்தவை. நிலவுத் தூசு அவற்றின் மேல் படிந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் போலிருக்கிறது. பல எறும்புகளில் தூசு படிந்திருந்தால், சுத்தமாக இருப்பவை சிறுபான்மை. சரியாகக் காட்டும் எறும்பை மற்றவை சேர்ந்து 'திருத்தி' இருக்கும். திருத்தப்பட்டது அடுத்ததைத் திருத்தும். இப்போது நானூறுக்கும் ஒரே கருத்து. ஆக்சிஜன் நிறைய இருக்கிறது என்று நம்பி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகின்றன. நைட்ரஜன் அந்த இடத்தை நிரப்புகிறது. அழுத்தம் மாறாது, மூச்சு முட்டாது. யாருக்கும் ஒன்றும் தோன்றாது.

அல்லது இதெல்லாம் நான் விரும்புவதால் எனக்குத் தெரிகிறதா? இரண்டு நொடிக் கதவைக் கண்டுபிடித்த அதே கண்கள்தானே இவையும்.

உடனே சொன்னால் சிரிப்பார்கள். நாளைவரை பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் இறங்கினால், தணிகாசலம்கூடத் தட்டிக்கழிக்க முடியாது. பதினேழில் உயிருக்கு ஆபத்து இல்லை. உறுதி செய்துகொண்டு சொல்வதுதான் பொறுப்பு.

இப்போது எழுதியதைத் திரும்பப் படித்தேன். பொறுப்பு என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். நாளை ஜெபராணியின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. அதுவும் இருக்கட்டும்.

2074 ஆகஸ்ட் 13, காலை 6.50

மானி: பதின்மூன்றரை.

நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியிருக்கிறது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். உடனே ரேடியோவில் கூப்பிட்டேன். பேசியதை அப்படியே பதிகிறேன்.

"ஜெபா, பேச்சி பேசுதேன். ஆக்சிஜன் பதிமூணுக்கு வந்துட்டு. ஒன் எறும்பு தப்பாச் சொல்லுது. எல்லாரையும் முகமூடி போடச் சொல்லு. ஒடனே நிறுத்து."

"ஐயோ, பேச்சியா! ஷாகுலு, பேச்சி வந்துருக்கா பாருங்க! எட்டி, எப்படிட்டி இருக்க? ஒத்தையில கெடந்து என்ன பண்ணுத?"

"வெளையாடாத ஜெபா. தலைவலி இருக்கா? மயக்கமா வருதா?"

"மயக்கமா? சொகமா இருக்குட்டி. இவ்வளவு நாளு இப்படி இருந்ததே இல்ல. மூணு பேரு ஒறங்குதாவ. நாங்க பாட்டுப் பாடுதோம். எல்லாருக்கும் நகம் நீலமாயிட்டு பாத்துக்கோ, ஒரே கலரு, அழகா இருக்கு."

"ஜெபா! ஒரு பொறியாளரு மாதிரி யோசி. நீலம்னா என்ன? ரத்தத்துல ஆக்சிஜன் இல்ல!"

"அன்னைக்குக் கதவு சரியில்லன்ன. இன்னைக்குக் காத்து சரியில்லங்க. நாளைக்கு என்ன சொல்லுவ? ஒனக்கு வயித்தெரிச்சலுட்டி. சின்னப் புள்ளையில இருந்தே உண்டு. நான் ஒண்ணும் நெனைக்கல. நீயும் கீழ வா. ஒனக்கும் ஒரு எறும்பு ஒட்டிவிடுதேன்."

சிரிப்பு. நீளமான சிரிப்பு. இத்தனை நாளும் நான் ஜன்னலில் நின்று ஏங்கிப் பார்த்த அந்தச் சந்தோஷம், மூளைக்குக் காற்று போகாத சந்தோஷம்.

2074 ஆகஸ்ட் 13, காலை 7.15

தலைமை நிலையத்துடன் பேசியது.

"மேடம், நானூறு சென்சார் ஒண்ணு சொல்லுது. உங்க பழைய மீட்டர் வேற சொல்லுது. என் இடத்துல நீங்க இருந்தா எதை நம்புவீங்க?"

"நானூறும் ஒண்ணப் பாத்து ஒண்ணு எழுதுது சார். காப்பி அடிக்கிற கிளாஸ்ல எல்லாரும் ஒரே பதில்தான் எழுதுவாங்க. அவங்களுக்கு நகம் நீலமாயிடுச்சு. ஜெபராணியே சொன்னா."

"சிரிச்சுக்கிட்டே சொன்னாங்கன்னு நீங்களே சொல்றீங்க. நான் குழுவைக் கூட்டறேன். சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்றேன்."

"சாயங்காலம் யாரும் உயிரோட இருக்க மாட்டாங்க. இங்கேர்ந்து நிறுத்த முடியாது. நீங்களாவது நிறுத்துங்க."

"எங்களாலயும் முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். ஜெபராணி மேடம் குரலுக்கு மட்டும்தான் நிக்கும். மேடம், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது உங்க சிஸ்டத்தை மூடறோம்ங்கற வருத்தம் இல்லையே?"

வருத்தம் இல்லை சார், பொறாமை என்றேன். பொறாமைக்காரி சொல்வதாலேயே மானி பொய் சொல்லாது என்றேன். இணைப்பை அவர் துண்டித்தாரா நான் துண்டித்தேனா, நினைவில்லை.

ரோவரில் கீழே போகிறேன். இனி பதிவுகள் உடையிலிருக்கும் குரல்பதிவி வழியாக, உடை ரேடியோவைச் சாராத தனி அலைவரிசையில், முகட்டுப் பெட்டிக்கு வரும்.

2074 ஆகஸ்ட் 13, காலை 9.05, ரோவர்

சரிவுப் பாதை. உடை மாட்டிக் கிளம்பவே முக்கால் மணி ஆகிவிட்டது. பாதி தூரம். வண்டியை அது தாங்கும் வேகத்துக்கு மேல் ஓட்டுகிறேன். இடப்பக்கச் சக்கரம் ஒரு பாறையில் ஏறி இறங்கியது, பரவாயில்லை.

என்ன செய்வது என்று யோசித்தபடி வருகிறேன். வால்வு எல்லாம் எறும்பின் கையில். கையால் திறக்க வழி இல்லை. ஜெபராணி தெளிந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு அறை வாசலில் அவசரத்துக்கான ஆக்சிஜன் அடைத்த ஒரு சிவப்பு உருளை மாட்டியிருக்கும், முகமூடியோடு. வெறும் சுருள்வில் வைத்த குழாய். சென்சார் இல்லை, புத்தி இல்லை. அதை அவள் முகத்தில் வைத்தால் தெளிவாள்.

ஒரு சிக்கல். என் உடையிலும் எறும்பு வகைச் சென்சார்தான். புது உடைகள் எல்லாம் அப்படித்தான். இப்போது சுத்தமாக இருக்கிறது, சரியாகக் காட்டுகிறது. கீழ்த்தளத்தின் அருகில் போனால் உடை அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். நானூறும் சேர்ந்து என்னுடையதையும் திருத்தும். பிறகு என் உடையே எனக்கு ஆக்சிஜனைக் குறைக்கும். நிறுத்தும் சொல் தளத்தின் நானூறுக்கு மட்டும்தான், உடைக்குச் செல்லாது.

உடையின் ரேடியோவை அணைத்துவிட்டால் சேராது. ஆனால் கூட்டத்தில் சேராதவருக்கு நுழைவுக் கதவு திறக்காது. வெளியாட்கள் நுழையக் கூடாது என்பதற்காக.

எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறாள். எந்தப் பக்கம் போனாலும் வழி இல்லை. காவலில் ஓட்டை மேல் ஓட்டை. ஒரு கம்பி அறுந்தாலே குருடாகிவிடும். இவள் ஓட்டையே விடவில்லை. இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. உயிர் போகும் அவசரத்தில் ஓட்டிக்கொண்டு, எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறாள் என்று வயிறு எரிகிறது.

அவள் சாகக் கூடாது. செத்துப்போனால் நான் யாரோடு போட்டி போடுவது?

2074 ஆகஸ்ட் 13, காலை 10.10, நுழைவுக் கதவு

ரோவர் ரேடியோவில் கூப்பிட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. சிரிப்பும் இல்லை.

உடையின் ரேடியோவைப் போடுகிறேன். போட்டுவிட்டேன். சேர்ந்துகொண்டது. தலைக்கவசத் திரையில்: 'வணக்கம் முத்துப்பேச்சி.'

கதவு திறந்தது. உள்ளே வந்துவிட்டேன். வெளிக்கதவு மூடியது. உள்கதவு திறக்கவில்லை.

தூசு கழுவ வேண்டுமாம். உடைமேல் காற்றைப் பீய்ச்சுகிறது. முன்னே, பின்னே, கால், கை. தூசு விஷயத்தில் எறும்பு கண்டிப்பு. எந்தத் தூசால் இவ்வளவும் வந்ததோ, அதே தூசுக்காக என்னை நிறுத்தி வைத்திருக்கிறது.

திரையில்: 'உங்கள் சென்சார் திருத்தப்பட்டது. காற்று சீர்.'

உடைக்குள் வரும் காற்றின் இரைச்சல் குறைந்துவிட்டது. காதில் கேட்கிறது.

ரேடியோவை மறுபடி அணைத்துப் பார்த்தேன். இரைச்சல் கூடவில்லை. திருத்தியது திருத்தியதுதான். உள்கதவு திறக்க வேண்டுமே, மறுபடி போட்டுவிட்டேன்.

2074 ஆகஸ்ட் 13, காலை 10.30, நுழைவுக் கதவு

இன்னும் கழுவுகிறது.

மனக்கணக்கு போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பதினேழு பெருக்கல் எட்டு, நூற்று முப்பத்தாறு. பதினெட்டு பெருக்கல் ஏழு, நூற்று இருபத்தாறு. சரிதானே. பத்தொன்பது பெருக்கல் ஆறு. பத்தொன்பது. இருபத்தாறு ஆறு... நூறு சொச்சம். சொச்சம் போதும்.

தலைவலி இருந்தது. போய்விட்டது. அது நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். நல்லதல்ல, நல்லதல்ல. சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சிவப்பு உருளை. ஜெபாவின் முகம். சிவப்பு உருளை. ஜெபாவின் முகம். வேறு எதையும் நினைக்கக் கூடாது.

உள்கதவு திறக்கிறது.

2074 ஆகஸ்ட் 13, காலை 10.40, கீழ்த்தளம்

வெளிச்சம் இதமாக இருக்கிறது. எறும்புக்கு இதெல்லாம் தெரிகிறது.

ஷாகுல் நடைபாதையில் சாய்ந்திருக்கிறார். மூச்சு இருக்கிறது. மெல்லிய மூச்சு. மற்றவர்கள் படுக்கையில். போர்த்தியிருக்கிறார்கள். யார் போர்த்திவிட்டார்கள்? ஜெபாவாகத்தான் இருக்கும்.

ஜெபா சாப்பாட்டு அறைத் தரையில். சுவரில் தலை. உதடு நீலம். சிரித்த முகம். கண் பாதி.

சிவப்பு உருளையைக் கழற்றினேன். கொக்கி வரவில்லை. வந்துவிட்டது. ஒன்றுதான் இருக்கிறது. மற்றவை சேமிப்பறையில். சேமிப்பறை நீண்ட தூரம். எங்கேயோ.

என் கவசத்தைக் கழற்றி நான் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு பிறகு அவளுக்கு... என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. ஆனால் கவசத்தின் பூட்டு இரண்டு கைக்கான வேலை. கைகள் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு வேலைக்குத்தான் கை இருக்கிறது.

சொல் அவளிடம்தான் இருக்கிறது. என்னிடம் இல்லை. கேட்டேனே. கொடுக்கவில்லை.

அவள் முகத்தில் வைத்துவிட்டேன். வாரைக் காதுக்குப் பின்னால் மாட்டினேன். கூந்தலில் சிக்கியது. எடுத்துவிட்டேன். நரைத்திருக்கிறது. இவளுக்கும் நரைத்திருக்கிறது.

இழு. இழு ஜெபா. எட்டி, இழு.

2074 ஆகஸ்ட் 13, கீழ்த்தளம்

நேரம் திரையில் இருக்கிறது, எண்கள் ஆடுகின்றன.

உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில். சுவர் இளஞ்சூடாக இருக்கிறது. நான் சாய்ந்ததும் சூடாக்கிக் கொடுத்தது. பார்த்தீர்களா. என்னையும் கவனிக்கிறது. வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

ஜெபா இருமுகிறாள். கண் திறந்துவிட்டாள். முகமூடியைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுகிறாள். உதட்டில் நிறம் வருகிறது. மேசையைப் பார்க்கிறாள். சுவரில் இருக்கும் என் மானியைப் பார்க்கிறாள். அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகம் மாறுகிறது. அந்த முகத்தைத்தான் நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனாம். நேற்று. எதற்கு?

முகமூடியை விலக்கிச் சுவரைப் பார்த்துக் கத்துகிறாள். என்னவோ ஒரு சொல். இரண்டு தடவை. விளக்குகள் அணைகின்றன, வரிசையாக. தலைக்கு மேலே பெரிய இரைச்சல். குழாயில் காற்று பாய்கிறது. ஷாகுல் முனகுகிறார். யாரோ படுக்கையிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

எல்லாரும் எழுந்துவிடுவார்கள் போல. நல்லது. நல்ல சத்தம்.

ஜெபா என்னைப் பார்த்துவிட்டாள். தவழ்ந்து வருகிறாள். என் கவசத்தைத் தட்டுகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம். அழுகிறாள்.

"பேச்சி! கவசத்தக் கழட்டு! அந்தப் பூட்டு எங்கன இருக்குட்டி, எனக்குத் தெரியல, இருட்டா இருக்கு! தூங்காத! எட்டி, தூங்காத! நீ சொன்னது சரிட்டி. எல்லாம் நீ சொன்னதுதான் சரி. கேக்கா ஒனக்கு?"

கேட்கிறது. எதற்குக் கழற்ற வேண்டும்? திரையில் பச்சை. காற்று சீர் என்று போட்டிருக்கிறது. சுகமாக இருக்கிறது. இப்படி இருந்ததே இல்லை. மடியில் கனம் எதுவும் இல்லை. உள்ளே எதுவும் குத்தவில்லை. பாடலாம் போல இருக்கிறது. இவள்தான் தாளம் போட மாட்டேன் என்கிறாள். பூட்டைப் போட்டுத் திருகிக்கொண்டு, அழுது, கவசத்தை ஆட்டிக்கொண்டு

நான் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன், இவளுக்கு ஏன் பொறுக்கவில்லை

ஓ. புரிந்துவிட்டது. பாவம். இத்தனை வருஷம் கழித்து என்னைப் பார்த்து ஜெபாவுக்குப் பொறா